இளஞ்சோளம்

கடைக்காரர் அவன் உள்ளங்கையில் சோள விதையைக் கொட்டினார்.

தரம் பார்ப்பது போல விரலால் கிளறிக்கொண்டான்.

“பல வெட்டுச் சோளமுங்ணா. ஒருக்கா வெதைச்சா மூணு வருசத்துக்கு அறுத்துட்டே இருக்கலாம். உங்க மேட்டுக்காட்டுக்கு இதை உட்டா வேறென்ன?”

மனைவி துளசிமணி நாலடி தள்ளி, கம்பு மூட்டையருகே நின்றாள். வெள்ளிக்கிழமை அவள் அண்ணன் வீட்டிலிருந்து ஒரு கிடாரி வருகிறது. பதினான்கு மாதம் காலியாகக் கிடந்த கட்டுத்தறி. அதற்குத் தீவனம் விதைக்கத்தான் இருவரும் வந்திருந்தார்கள்.

சோளத்தைப் பற்றி அவனுக்குத் தெரியாதா என்ன?

இளம்பயிரில் விஷம் உண்டு. பூவெடுக்கும் முன் மாட்டை அண்ட விடக் கூடாது. வெயிலில் வாடிக் கிடந்து மழைக்குத் துளிர்த்த பயிர் என்றால் இன்னும் மோசம். அவன் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

தெரிந்துதான் அன்று செவலைப் பசுவின் கயிற்றை விட்டான்.

ஒரு மாதமாக வைக்கோலையே தின்ற மாடு. ஒரு மழை பெய்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. செத்தது போலக் கிடந்த சோளம் குப்பென்று பச்சை கட்டியிருந்தது. செவலை இழுத்தது. பிடித்து நிறுத்தினான். மறுபடி இழுத்தது. திரும்பி அவன் முகத்தைப் பார்த்தது.

பாவம், ரெண்டு வாய் தின்னட்டும் என்று நினைத்தான்.

ரெண்டு வாயோடு நிற்குமா மாடு? அரை மணி நேரத்தில் விழுந்துவிட்டது. ஆறு மாதச் சினை.

தாயில்லாக் கன்றாக வந்த செவலையைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள் துளசிமணி. அவள் ஓடி வந்தபோது அவன் வாயில் வந்தது ஒரே சொல்தான்.

“பூச்சி கடிச்சிருச்சு.”

பாம்பை அந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள்.

அக்கம்பக்கம் எல்லோரும் திரண்டு பாம்பைத் தேடினார்கள். அவனும் ஒரு தடியை எடுத்துக்கொண்டு தேடினான். அதை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்கு உடம்பு கூசுகிறது.

“கம்பே வாங்கிக்கலாம்” என்றான்.

“ஏனுங்ணா?”

“சோளத்தைக் குருவி தின்னுருது.”

கடைக்காரர் சிரித்தே விட்டார். “தீவனத்துக்குப் பூவுலயே அறுத்துருவீங்க. அப்புறம் குருவிக்குக் கருது எங்கீங்ணா? அதுவுமில்லாம, கம்பை உட்டுப்போட்டு எந்தக் குருவி சோளத்துக்கு வரும்?”

நல்ல பொய்கூட வாயில் வரவில்லை. தன் மேலேயே எரிச்சலாக இருந்தது.

விஷயத்தைச் சொல்லாவிட்டால் சோளம் காட்டுக்கு வந்துவிடும். நாளைக்கு அந்தக் கிடாரியும் இழுக்கும், திரும்பிப் பார்க்கும். தன் கையை அவன் இனி நம்பத் தயாராயில்லை.

சொன்னாலோ, துளசிமணி பிறகு அவன் முகத்தில் விழிப்பாளா?

கடைக்காரர் சோளத்தை அள்ள முறத்தை எடுத்தார்.

துளசிமணி வந்து பக்கத்தில் நின்றாள்.

“கம்பே போடுங்க தம்பி. கூட ரெண்டு கிலோ தட்டப்பயிறு. சோளம் எங்களுக்கு வேண்டாம்.”

“நல்ல சோளமுங்க்கா.”

“சோளம் நல்லாத்தான் இருக்குது. இவருக்குத்தான் மனசு கேக்காது. மாடு இழுத்தா கயித்தை உட்ருவாரு.”

வீட்டுக்காரரைக் கேலி பேசுகிறாள் என்று நினைத்துக் கடைக்காரர் சிரித்தார். கம்பை நிறுத்துப் பையில் கொட்டினார்.

பதினான்கு மாதத்தில் ஒரு நாள்கூட அவள் பாம்பைப் பற்றிக் கேட்டதில்லை. அது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

அவள் திரும்பவில்லை. குனிந்து, விதைப் பையின் வாயைச் சணலால் கட்டிக்கொண்டிருந்தாள்.

கட்டி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.