போலந்துக்கு ஒரு கையெழுத்து

பேனாவை மூன்றாவது முறையாகக் கீழே வைத்தாள் மரியசெல்வி. சிவஞானத்துக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பெற்ற பிள்ளையின் வாழ்க்கையில் மண்ணைப் போடுவதற்கென்றே சில தாய்மார்கள் இருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

உப்பளத்து ஓரத்தில் ஒரு கீற்றுக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் காலில் முழங்கால் வரைக்கும் உப்பு காய்ந்து வெளுத்திருந்தது. அவர் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்துவிட்டது. இந்த ஒரே வாரத்தில் இதே கொட்டகைக்கு மூன்று தடவை அலைந்தாயிற்று. எந்த வாத்தியார் இப்படி அலைவார், சொல்லுங்கள்.

சிவஞானம் பக்கத்துத் தொழிற்பயிற்சி நிலையத்தில் பையன்களை வெளிநாட்டுப் பயிற்சிக்கு அனுப்பும் பொறுப்பில் இருப்பவர். ஏழு வருஷமாகப் பொறுப்பு மட்டும்தான் இருந்தது, ஒருத்தனும் போனபாடில்லை. இந்த வருஷம்தான் போலந்தில் ஒரு கப்பல் கட்டும் தளம் நாலு வெல்டர்களை ஒரு வருஷப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. சோதனையில் முதலாவதாக வந்தவன் மரியசெல்வியின் ஒரே பையன் ஜெஸ்வின். அப்பா இல்லாத பையன் வேறு.

வயசில் வந்து மாட்டிக்கொண்டது. இருபத்தொன்று முடிந்தவனை எடுக்க மாட்டார்கள். ஜெஸ்வினின் பிறப்புச் சான்றிதழில் 2003 மார்ச் 14 என்று இருந்தது. அதன்படி போன மார்ச்சோடு அவனுக்கு இருபத்தொன்று முடிந்துவிட்டது. பையனைப் பார்த்தாலோ மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. அந்தக் கணக்குப்படி எட்டு வயசில்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறான், யாராவது நம்புவார்களா?

அவனைக் கூப்பிட்டு விசாரித்தார். அவனுக்கும் ஒன்றும் தெரியவில்லை. “எங்கம்மா எனக்கு வருஷத்துக்கு ரெண்டு பொறந்தநாள் கொண்டாடும் சார். மார்ச்ல ஒண்ணு, ஜனவரில ஒண்ணு” என்று மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னான்.

சிவஞானம் விடுவாரா? மாதா கோயிலுக்குப் போய் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டச் சொன்னார். ஜெஸ்வின், பிறந்தது 2006 ஜனவரி என்று பளிச்சென்று இருந்தது. சரிதான், எவனோ ஒரு கிளார்க் தூக்கக் கலக்கத்தில் தப்பாக எழுதித் தொலைத்திருக்கிறான், இந்தப் பக்கத்தில் யார் சான்றிதழில்தான் சரியான தேதி இருக்கிறது என்று அவரே முடிவு கட்டிவிட்டார்.

சான்றிதழைத் திருத்த மிச்சம் இருந்தது தாயின் கையெழுத்து ஒன்றுதான். உறுதிமொழிப் பத்திரத்தின் வாசகத்தை, போலந்துக்கு ஆள் எடுக்கும் சென்னை ஏஜென்சியே எழுதி அனுப்பியிருந்தது. இன்று சாயங்காலத்துக்குள் போய்ச் சேராவிட்டால் ஜெஸ்வின் இடத்துக்கு அடுத்த பையன் வந்துவிடுவான்.

மரியசெல்விக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தார்: “என் மகன் ஜெஸ்வின் பிறந்தது 2006ஆம் ஆண்டு. 2003 மார்ச் 14 அன்று எனக்குக் குழந்தை எதுவும் பிறக்கவில்லை. அந்தப் பதிவு தவறானது.”

“அந்த நடு வரிய மட்டும் எடுத்துட முடியாதா சார்?”

ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது என்றார் அவர். பழைய சான்றிதழ் ரத்தானால்தான் புதுசு, புதுசு கிடைத்தால்தான் பாஸ்போர்ட் என்று பத்துத் தடவை சொன்னதைப் பதினோராவது தடவையும் சொன்னார். அவள் உப்புப் பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஜெஸ்வின் கூலிக்கு உப்பு வாரிக்கொண்டிருந்தான்.

சிவஞானத்துக்கு அதற்கு மேல் பொறுமை இல்லை. “இதபாரும்மா, புள்ளைய விட்டுப் பிரிய மனசில்லன்னா நேரா சொல்லிடு. அவனும் உன்ன மாதிரி இந்த வெயில்லயே கெடந்து வேவட்டும். நான் எதுக்கு நாயா அலையணும்?”

அது சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். பேனாவை எடுத்தாள். ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். ஆறு எழுத்துப் பேருக்கு இத்தனை நேரமா என்று அவருக்கு அலுப்பாக இருந்தது. போட்டு முடித்ததும் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

அவருடைய கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. ஏழு வருஷத்தில் முதல் பையன் விமானம் ஏறப்போகிறான், சும்மாவா? பத்திரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே சிரித்தார்.

“இவ்ளோதான விஷயம். எவனோ தப்பா எழுதின ஒரு தேதிக்காக ஒரு வாரமா என்னைச் சாகடிச்சிட்டியேம்மா.”

மரியசெல்வி எழுந்தாள். மகன் காதில் விழாதபடி மெல்லச் சொன்னாள்.

“தப்பில்ல சார். அன்னிக்குப் பொறந்தவன் இவன் அண்ணன், அவன் பேரையும் அந்தக் காயிதத்தையும்தான் இவனுக்குக் குடுத்தேன். சுனாமி எடுத்துட்டுப் போன என் புள்ள பொறக்கவே இல்லன்னு இப்ப நானே கையெழுத்து போட்டுட்டேன்.”