எடுத்தாச்சு

கைப்பேசி பூரணத்தை உயிரோடு கடைசியாகப் பார்த்தது ஒரு கல்யாண மண்டபத்தில். ஆஸ்துமாவுக்கான பம்பு மருந்தை நினைவூட்டும் மணி அடித்தது. ஓமப் புகையில் இருமிக்கொண்டே அவள் "எடுத்தாச்சு" என்ற பொத்தானைத் தொட்டு அதை அடக்கினாள். கைப்பேசி வழக்கம்போல திரையில் ஒரு பாராட்டு நட்சத்திரம் கொடுத்தது. தாலி கட்டுவதற்குள் அவள் மூச்சுத் திணறி விழுந்தாள்.

காரியமெல்லாம் முடிந்தபின், அதுவரை அணைந்து கிடந்த கைப்பேசியைச் சார்ஜ் ஏற்றி, அலமாரியில் அவளுடைய ஆஸ்துமா பம்புக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

"என் மேல குறை சொல்ல முடியாது," என்றது கைப்பேசி. "பம்பை எப்படி அழுத்தணும், மூச்சை எப்படி இழுக்கணும்னு படம் போட்டே காட்டினேன். அவங்களும் ஒருநாள் தவறினதில்லை. தினமும் நட்சத்திரம்தான்."

பம்புக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாருக்குடா நட்சத்திரம்? 'பம்பு பழகிட்டா விடாது'ன்னு நாத்தனார் சொன்னாலும் சொன்னா, இவ என் மூடியைக்கூடத் திறக்கலை. நான் இங்கேயேதான் கிடக்கேன். எதை எடுத்தாளாம்?"

"எடுத்தாச்சுன்னு அவங்கதானே சொன்னாங்க?"

"அவ மூச்சு இழுத்த இழுப்பு உன் காதுல விழலை?"

"அதைக் கேக்கச் சொல்லி எனக்கு யாரும் சொல்லலையே."

"விழுந்த அன்னிக்கு மண்டபத்துலயும் இருமியிருப்பாளே, அப்போ?"

"அப்பவும் ஒரு நட்சத்திரம் கொடுத்தேன்."



மறுநாள் காலையில் மறுபடியும் மணி அடித்தது. "பூரணம், மருந்து எடுத்தாச்சா?" என்று கைப்பேசி கேட்டது. அவள் கணவர் பதறி ஓடிவந்தார். நிறுத்தத் தெரியாமல், கண்ணில் பட்ட பொத்தானைத் தொட்டார். கைப்பேசி இன்னொரு நட்சத்திரம் கொடுத்தது.

பம்பில் மருந்து முழுதாக இருக்கிறது.