துபாய் ஜெல்

"அந்த ஜெல்லை இனி ஜெஸ்பின் தொடப்பிடாது. லீவுல வந்த நீதான் நிறுத்தணும் மக்கா."

காப்பியோடு வந்த ஜெஸ்பின், மாமியார் தங்கபாயின் குரல் கேட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டாள்.

அது உறவுக்கு முன் உள்ளே வைக்கும் கருத்தடை ஜெல். கணவன் ரெனிஷ் துபாயிலிருந்து சோப்பு, பால்பொடியோடு ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தான். அவன் வந்ததிலிருந்து தினமும் வைக்கிறாள்.

"இதெல்லாம் நீ ஏம்மா பேசுக?" என்றான் ரெனிஷ்.

"நான் பேசாம வேற யாரு பேசுவா?"

'பேரன் வேணும் போல' என்று ஜெஸ்பின் நினைத்தாள். மகளுக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை. சிசேரியன் வலியே இன்னும் போகவில்லை.

"பிள்ளைக்கு இப்பம் என்ன அவசரம்மா?"

"பிள்ளையை யாருலே கேட்டா? ஒண்ணுக்குப் போனா எரியுதுன்னு அவ பாத்ரூம்ல அழுதுட்டிருந்தா. நானே போய் டாக்டரம்மாட்ட கேட்டேன். எப்பமாவது வச்சா ஒண்ணும் செய்யாதாம். தினமும் வச்சா உள்ள புண்ணாவுமாம், நோய்க்கிருமி சுலபமா ஏறுமாம்."

தங்கபாய், சர்ச்சுக்குக் கொண்டுபோகும் பைபிள் பையிலிருந்து ஆணுறைப் பாக்கெட்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இனி நீ இதைப் போடு. நாளைக்கு அவளை டாக்டரம்மாட்ட கூட்டிட்டுப் போ."

ரெனிஷ் பாக்கெட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். உள்ளே வந்த ஜெஸ்பின் முதல் காப்பியை மாமியாருக்குக் கொடுத்தாள்.

உங்கள் வீட்டு ஆண்களிடம் இந்தப் பேச்சை எடுத்தது யார்? யாருமே எடுக்கவில்லை என்றாலும் அதையே எனக்கு எழுதுங்கள்.