சித்தி துவைத்த கப்பல்

ரவிசந்திரனுக்கு அரைகுறை வேலை ஆகாது. இணையத்தில் படம் பார்த்துக் கப்பல் மாடல் செய்கிறவர்களை, "காகிதக் கப்பல் விடுற பசங்க" என்பான்.

அவனுக்கு அசல் வரைபடம் வேண்டும். அவன் மாடல் செய்வது, அவன் பிறந்த வருஷம் உடைக்கப்பட்ட ஒரு போர்க்கப்பலை. பம்பாயில் கேட்டான், லண்டனுக்கு எழுதினான். எல்லாரும் கைவிரித்துவிட்டார்கள். அடிப்பாகத்தின் வளைவு தெரியாமல் மாடல் பாதியில் நின்றது. கண்காட்சியோ அடுத்த மாதம்.

கடைசியில் ஓய்வுபெற்ற கப்பற்படை அதிகாரி ஒருவர் சொன்னார். "பழைய வரைபடங்களை வேண்டாம்னு கழிச்சப்போ, எங்க டிராஃப்ட்ஸ்மேன் ஜம்புநாதன் அதைக் கேட்டு வாங்கிட்டுப் போனார்."

ஜம்புநாதன் அவனுடைய காலமான சித்தப்பா! கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை புனேயின் ஒரு கோடியான ஹிஞ்சேவாடியிலிருந்து, சித்தி இருக்கும் கோர்படிக்குக் காரை விரட்டினான். தீபாவளிக்குக்கூட எட்டிப் பார்க்காத வீடு.

ரமா சித்திதான் கதவைத் திறந்தாள். "வாடா, இப்பதான் வழி தெரிஞ்சுதா? அவல் போஹா சாப்பிடறியா?"

"அதெல்லாம் வேணாம். சித்தப்பா ஒரு கப்பல் வரைபடம் கொண்டுவந்தாரே, எங்கே?"

"துணியில வரைஞ்சதா? அது எந்தக் காலம்! துவைச்சுட்டேனே."

"என்னது?"

"அப்போல்லாம் கஞ்சி போட்ட நைஸ் துணியிலதானே வரைவாங்க. வெந்நீர்ல ஊறப்போட்டா கஞ்சியும் போயிடும், மையும் போயிடும். துணி பூ மாதிரி ஆயிடும். பம்பாய் நேவி காலனியில எல்லாரும் அதுல கைக்குட்டை தைப்போம்."

ரவிசந்திரனுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"கப்பற்படையோட சரித்திரத்துல மூக்கு சிந்தினீங்களா?"

"இதுல கைக்குட்டை தைக்கலைடா. ஒரு பச்சைக் குழந்தைக்குச் சட்டை தைச்சேன்."

"படிச்சிருந்தாத்தானே மதிப்பு தெரியும்! உலகத்துலயே ஒண்ணே ஒண்ணு இருந்தது. அதை மூத்திரத் துணியாக்கிட்டீங்க. சித்தப்பா பார்த்துட்டுச் சும்மாவா இருந்தார்?"

"அவர்தான் இதுக்காகவே கேட்டு வாங்கிட்டு வந்தார்."

"நல்ல ஜோடி! அந்தச் சட்டையைப் போட்ட பிள்ளை உருப்பட்டிருக்குமா?"

சித்தி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் காலில் கழற்றாத ஷூ, கையில் சுழலும் கார் சாவி.

"எட்டாம் மாசத்துல பிறந்த குழந்தை. எந்தத் துணி பட்டாலும் தோல் உரிஞ்சுக்கிட்டு வந்தது. உங்கம்மா ஆஸ்பத்திரியில நினைவில்லாமக் கிடந்தா. அது தேறாதுன்னு எல்லாரும் சொன்னாங்க. எப்படியோ பிழைச்சுக்கிச்சு. உருப்பட்டுச்சான்னு நீதான்டா சொல்லணும்."