அரிப்புக்குக் கட்டம் இல்லை

ஆறாவது பையைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோனாள்.

சாம்பிராணி.

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஏழு நாள் ஓடி வேர்த்த டி-ஷர்ட்டில் சாம்பிராணி எங்கிருந்து வந்தது?

ஏழாவதில் சோப்பு வாசம். எட்டாவதில் ரோஜா. கடைசியாக அலசும் தண்ணீரில் ஊற்றுவார்களே, அது. ஒன்பதாவதை இஸ்திரியே போட்டிருந்தார்கள்.

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றின் லேப் அவள் பொறுப்பு. உடற்பயிற்சிக்குப் போடும் டி-ஷர்ட் வேண்டும் என்று சரக்கு வாங்கும் ஒரு வெளிநாட்டுப் பையர் கேட்டிருந்தார். எவ்வளவு வேர்த்தாலும் நாறக் கூடாதாம்.

அதற்காகவே பத்து டி-ஷர்ட்டுகளைப் பாதி பாதியாக வெட்டித் தைத்தார்கள். இடது பாதி, கிருமிநாசினி ஏற்றிய பாலியஸ்டர். நீல நிறம். வலது பாதி, எதுவும் ஏற்றாத வெறும் பருத்தி. வெள்ளை.

பேக்கிங் செக்‌ஷனில் பத்துப் பெண்களைப் பிடித்தாள். ஷிஃப்ட் முடிந்ததும் மொட்டை மாடியில் அரை மணி நேரம் ஓட்டம். முதல் நாளே எல்லோரையும் நிற்க வைத்து, ஒரு முறைக்கு மூன்று முறை சொன்னாள்.

"ஏழு நாளும் இதத்தான் போடணும். தண்ணியே படக் கூடாது."

பத்துப் பேரும் தலையாட்டினார்கள்.

தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் ஊறவைத்திருக்கிறார்கள்.

கேட்டால் ஆளுக்கொரு காரணம். ஒருத்தியை மாமியார் வாசலிலேயே நிறுத்திவிட்டாராம். இன்னொருத்தி வீட்டில் சாமி அறை இருக்கிறதாம். மூன்றாமவள் இவளையே திருப்பிக் கேட்டாள்.

"வேர்த்த துணிய அப்படியே எப்படிங்க மேடம் வெக்கறது?"

இவளுமே வைக்க மாட்டாள்.

மேனேஜர் லோகநாதன் கதவருகே வந்து நின்றார். பன்னிரண்டு மணிக்குள் ரிப்போர்ட் போக வேண்டும்.

"ஒன்பதுலயும் நாத்தம் இல்லியே. அப்பறம் என்னம்மா, அனுப்பிவுடு."

"எல்லாரும் தொவைச்சிருக்காங்க சார்."

"அது பையருக்குத் தெரியவா போகுது?"

சுவரோடு பேசினாலும் பேசலாம்.

பத்தாவது பை வரவே இல்லை. பாவாத்தாளுடையது. ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள்.

பாவாத்தாளுக்கு நாற்பது வயது இருக்கும். புடவைக்கு மேல் கம்பெனி மேல்சட்டை. அதன் பித்தான்களைக் கழுத்துவரை போட்டிருந்தாள். வந்து நின்றதும் கழுத்தைச் சொறிந்தாள். சொறிவதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பது போலச் சட்டென்று கையை இறக்கினாள்.

"திரும்புங்கக்கா."

கழுத்தின் இடப்பக்கம் செக்கச்செவேல் என்று தடித்திருந்தது. நடுக்கழுத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போலத் தடிப்பு நின்றுவிட்டது. வலப்பக்கம் ஒன்றுமே இல்லை.

"எப்ப இருந்துக்கா?"

"மூணாம் நாள்ல இருந்துங்க மேடம். ராத்திரி படுத்தா இன்னும் மோசம்."

"ஏன் சொல்லல?"

"நீங்க நாத்தத்தத்தானுங்க கேட்டீங்க."

அவளுக்குச் சுரீர் என்றது. மேஜைமேல் கிடந்த படிவத்தைப் பார்த்தாள். நாற்றம், இடம். நாற்றம், வலம். நிறம் மங்கியதா. தையல் விட்டதா. துணிக்கு என்ன ஆனது என்று நான்கு கட்டம். உள்ளே இருந்த ஆளுக்கு என்ன ஆனது என்று ஒரு கட்டம் போட எந்தப் புண்ணியவானுக்கும் தோன்றவில்லை. இதைப் பத்து பிரதி எடுத்துக் கொடுத்தவள் இவள்தான். இவளுக்கும் தோன்றவில்லை.

"பாவாத்தா பேரை எடுத்துரும்மா," என்றார் லோகநாதன். "ஒருத்திக்கு ஒத்துக்கல. ஒன்பது பேருக்கு ஒண்ணும் ஆகலியே."

"ஒன்பது பேரும் மருந்தத் தொவைச்சு எறிஞ்சிட்டாங்க சார். ஒழுங்கா சோதனை பண்ணுனது இவங்க ஒருத்தர்தான்."

"நாப்பதாயிரம் பீஸ் ஆர்டரும்மா!"

"நாப்பதாயிரம் கழுத்து சார்."

பாவாத்தாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். முகத்தில் கலவரம்.

"எனக்காகச் சண்டை வேண்டாங்க மேடம். ஒண்ணுமில்லைன்னே எழுதிக்கங்க. தேங்காயெண்ணெ வெச்சாச் சரியாப் போயிரும்."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. துவைத்தவர்கள்மேல், துவைக்காதவள்மேல், எல்லோர்மேலும் ஆத்திரம்.

ஸ்கேலை எடுத்தாள். படிவத்தின் ஓரத்தில் ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டாள். அரிப்பு. இடப்பக்கம், உண்டு. வலப்பக்கம், இல்லை. மற்ற ஒன்பது படிவங்களிலும் குறுக்கே எழுதினாள்: துவைக்கப்பட்டது, செல்லாது. பாவாத்தாளின் கழுத்தை ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்துச் சேர்த்தாள்.

அனுப்பியபோது மணி பதினொன்று ஐம்பது.

லோகநாதன் வெளியே போனார். கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

வேலை போனாலும் போகட்டும் என்று இருந்தது. காலிப் பை ஒன்றை எடுத்துப் பாவாத்தாளிடம் நீட்டினாள்.

"டி-ஷர்ட்ட இதுல போட்டுக் குடுங்கக்கா. வீட்ல விட்டுட்டு வந்துட்டீங்களா?"

பாவாத்தாள் பையை வாங்கவில்லை. சாத்திய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு மேல்சட்டையின் முதல் பித்தானைக் கழற்றினாள். அப்புறம் இரண்டாவது.

உள்ளே, ரவிக்கை இருக்க வேண்டிய இடத்தில், பாதி நீலம், பாதி வெள்ளை.

"இன்னியோட ஏழு நாள் ஆச்சுங்க மேடம்," என்றாள். "இனிக் கழட்டிக்கலாங்களா?"