வெற்றிலை லொறி

கைபேசி மைனஸ் இருபத்தாறு என்று காட்டியது. என் கணவர் இரவீந்திரன் லொறிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார்.

நாங்கள் இருக்கும் அம்மருட் மாடிவீடுகளுக்குப் பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் பனி மூடிக் கிடந்தன. இவருடைய கால்கள் இரண்டு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

வடக்கே துரொண்ட்ஹெய்ம் நகரத்துக்குப் போக வேண்டும். ஏழு மணித்தியால ஓட்டம். நடுவில் மலை, அங்கே இன்னும் குளிர். எங்கள் மகள் கம்சிகா நாளைக்கு வீட்டில் இருக்க வேண்டும்.

பிளேனில் வரட்டும் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். வேறு வண்டி பிடித்துத் தருகிறோம் என்றார்கள். இவர் கேட்டால்தானே. ஆவணியில் கட்டிலும் சோற்றுச்சட்டியுமாக அவளைப் பல்கலைக்கழக விடுதியில் கொண்டுபோய் விட்டது இந்த லொறி, திரும்பி வருவதும் இதில்தான் என்று ஒரே பிடி.

இந்தக் கிழட்டு டீசல் லொறியோடு எனக்கு இருபது வருடப் பகை. கோடையில் சொன்னபடி கேட்கும். குளிர் கொஞ்சம் கூடினால் மூக்கால் அழும். டீசல் மெழுகாகத் திரண்டு பில்டரை அடைத்துவிடும்.

நேற்றிலிருந்து இவர் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பழைய டீசலை இறக்கிவிட்டுக் கடுங்குளிருக்கென்று விற்கும் டீசலை நிரப்பினார். பில்டரையும் பற்றரிகளையும் மாற்றினார்.

எஞ்சினைச் சூடாக்கும் வயரை இரவு முழுக்கச் செருகி வைத்தார். அது கழன்றுவிட்டதோ என்று பார்க்க இடையிடையே எழும்பிக் கீழே போனார். நான் தூங்குகிறேன் என்று நினைத்திருப்பார்.

விடிந்ததும் கதவு உறைந்து ஒட்டாமலிருக்க ரப்பர் விளிம்புக்குக் கிறீஸ் பூசினார். குளிர்காற்று அடிக்காமல் எஞ்சின் முகப்பின் பாதியைக் காட்போட்டால் மறைத்துக் கட்டினார்.

ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கவில்லை. குடியுங்கோ என்று நானும் சொல்லவில்லை.

மேல்மாடி செல்வமலர் அக்கா பிளாஸ்க்கில் கோப்பி கொண்டுவந்தார். அதை என் கையில் திணித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

எனக்கு அந்த லொறியை அடித்து நொறுக்க வேண்டும் போல் இருந்தது. நொறுக்கினால் இவர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்? டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.

கடைசியில் எழும்பிச் சாவியைத் திருப்பினார். லொறி இருமியது, நடுங்கியது, பிறகு பிடித்துக்கொண்டது. இத்தனை நாளில் முதல்முறையாக இவர் முகத்தில் ஏதோ அசைந்தது.

இறங்கி வந்து பின்கதவைத் திறந்தார். வியாழன்தோறும் துரொண்ட்ஹெய்ம் தமிழ்க் கடைகளுக்கு வெற்றிலையும் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் போகிற இடம். கழுவித் துடைத்து, எங்கள் வரவேற்பறைக் கம்பளத்தைக் கொண்டுவந்து விரித்திருந்தார். அப்படியும் கறிவேப்பிலை வாசம் போகவில்லை.

உள்ளே மூலையில் ஒரு ஹீட்டர் இருக்கிறது. குளிரில் இலை கருகாமலிருக்க இவரே பூட்டியது. அதைப் போட்டார். கையுறையைக் கழற்றி, வந்த காற்றில் உள்ளங்கையைக் காட்டிப் பார்த்தார். பதினெட்டில் நின்றதை இருபத்திரண்டுக்குத் திருப்பினார்.

“இலைக்குப் பதினெட்டுக் காணும்,” என்றார். “பிள்ளைக்குக் குளிர் ஆகாதெல்லே. வரேக்கை இப்பிடியே விடுவம்.”

நான் டோர்ச்சை அணைத்தேன்.

போன ஞாயிறு காலை, கம்சிகா நித்திரையிலிருந்து எழும்பவில்லை என்று வந்த அழைப்பை எடுத்தவர் இவர். அதற்குப் பிறகு வந்த அழைப்புகளையெல்லாம் நான்தான் எடுத்தேன்.

சொந்த வண்டியில் கொண்டுபோகலாம், தடையில்லை என்று பிணவறையில் சொன்னார்கள். சவப்பெட்டி ஆடாமல் இறுக்கிக் கட்டச் சொன்னார்கள். இவ்வளவும் இவரிடம் சொன்னேன். இன்னொன்றும் சொன்னார்கள். அதை மட்டும் சொல்லவில்லை.

பின்னால் சூடு போடக்கூடாது. வழி முழுக்கக் குளிராகவே இருக்க வேண்டும்.

இவர் ஹீட்டரை நிறுத்திவிட்டு முன்னால் போய் ஏறியதும் நான் பின்னால் ஏறினேன். குளிரும் என்று பள்ளிக்கூடத்துக்கு இரண்டு கம்பளிச் சட்டை போட்டு அனுப்பியவள் நான். அவள் சிணுங்கச் சிணுங்கத் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டவள். மகளே, என்னை மன்னித்துக்கொள்.

ஹீட்டருக்குப் போகும் வயரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து அறுத்தேன்.

துரொண்ட்ஹெய்மில் இவர் அதைப் போட்டுப் பார்ப்பார். இந்த நேரத்தில் கைவிட்டுவிட்டதே என்று லொறியைத் திட்டுவார். திட்டட்டும். நானும் சேர்ந்து திட்டுவேன்.