ஆறாவது வார அழைப்பு

“தூக்கமெல்லாம் நல்லா வருதும்மா. வந்தா போகத்தான் மாட்டேங்குது. காலையில காபி போட்டு வெச்சுட்டு, அது முன்னாடியே உக்காந்து தூங்கறேன்.”

“சாப்பாடு, மிஸஸ் லேத்தோ?”

“அதுக்கென்ன. ரொட்டி சுடறேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு மாவுன்னுதான் கைக்கு இன்னும் பிடிபடல. மிச்சத்தைக் காக்காய்க்குப் போடறேன். எங்க கொல்லையில ஒண்ணு தின்னு கொழுத்து, பறக்க முடியாம நடந்தே போகுது, வந்து பாருங்க.”

மரிட்டா சிரிக்கவில்லை. சிரிக்கத் தெம்பில்லை. போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

அவள் வேலை பார்க்கும் இடத்தில் எரிப்பது மட்டும்தான். பூ கிடையாது, பாட்டு கிடையாது, முகம் பார்க்க வைப்பது கிடையாது. மருத்துவமனையிலிருந்து உடலை எடுத்து வந்து, எரித்து, சாம்பலைப் பெட்டியில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். கனடாவின் இந்தத் தண்டர் பே ஊரில் இப்போதெல்லாம் நிறையப் பேர் இதையே கேட்கிறார்கள். ஆறு வாரம் போனபின் அந்த வீட்டுக்கு ஒரு போன். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். கேட்பவள் மரிட்டா.

மதியத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒரு பெரியவர் கடைசிவரை அழுதார். ஒருத்தி, “உங்களுக்கெல்லாம் வேற வேலையே இல்லையா?” என்று போனை வைத்துவிட்டாள். இன்னொருவர் தம்பியின் படகை விற்பதா வேண்டாமா என்று அவளிடமே யோசனை கேட்டார். ஜன்னலுக்கு வெளியே ஏரி இன்னும் உறைந்தே கிடந்தது. எல்லோரிடமும் அதே குரலில் அதே வார்த்தைகளைச் சொல்லிச் சொல்லி, இப்போது அவை அவளைக் கேட்காமலே வெளியே வந்தன.

இந்த அழைப்பிலும் அப்படித்தான் வந்துவிட்டன. “வணக்கம், மிஸஸ் லேத்தோ. உங்கள் கணவர் ரெய்னோவின் மறைவுக்கு எங்கள் ஆழ்ந்த இரங்கல்.”

மறுமுனையில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளும் ஓசை.

“சொல்லுங்கம்மா,” என்றாள் ஐலி லேத்தோ.

இப்போது அவள் நன்றாகவே பேசிக்கொண்டிருந்தாள்.

“முன்பு செய்துகொண்டிருந்ததை எல்லாம் செய்ய முடிகிறதா?”

“சனிக்கிழமை ஆவியில குளிக்க சவுனா அறையில அடுப்பு மூட்டறேன். விறகு நான்தான் பிளக்கறேன். உள்ள போனா மேல் பலகையில ஏறறதில்ல. அது அவரு இடம். கல்லு மேல தண்ணிய ஊத்தி ஊத்தி ஆவியிலயே கிடப்பாரு. கீழ உக்காந்து நான் கத்துவேன், போதும் இறங்குய்யா, நீ வெந்துடப் போறேன்னு.”

கொஞ்சம் நிறுத்தினாள்.

“கடைசியில உங்ககிட்ட வந்து வெந்தாரு.”

அவளே சிரித்தாள். சிரிப்பு இருமலாகி அடங்கும்வரை மரிட்டா காத்திருந்தாள். அடுத்த கேள்வியை மட்டும் தாண்டிப் போய்விடலாமா என்று பார்த்தாள். ஆனால் வாய் பழக்கத்தில் முந்திக்கொண்டது.

“பெட்டி உங்கள் கைக்கு வந்து சேர்ந்துவிட்டதா?”

“இல்ல.”

மரிட்டாவின் கண் அலமாரிப் பக்கம் போனது.

“எனக்கு ஒரு மக இருக்கா. அவளும் உங்களை மாதிரி இடத்துலதான் வேலை பாக்கறா. நானே கொண்டு வந்துடறேம்மான்னா. ஞாயித்துக்கிழமையானா சூப்பு வருது, மீன் வருது, பெட்டி வரல. கேட்டா மறந்துட்டேங்கறா. அப்பன மறக்கறாளாம், சூப்புக்குப் போடற கீரை மறக்கலை, வெண்ணெய் மறக்கலை.”

“மிஸஸ் லேத்தோ…”

“இருங்க. அவரு பேச்சை எடுத்தா போதும், குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவ நின்னுடுவா. கழுவினதையே கழுவறா. அந்தச் சத்தத்துல நான் யாருகிட்ட என்ன பேச?”

போன ஞாயிற்றுக்கிழமை மரிட்டா கழுவியது ஒரே ஒரு தட்டு. அம்மா வந்து பின்னால் நின்றது தெரிந்தும் அவள் திரும்பவில்லை. தண்ணீரை மட்டும் இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தாள்.

பெட்டி எதிரே அலமாரியில் இருந்தது, மற்றவர்களின் பெட்டிகளோடு. அங்கே இருக்கும்வரை அதுவும் ஒரு பெட்டி. தூக்கிக்கொண்டு போய்க் காரின் முன்னிருக்கையில் வைத்தால் அப்பா ஆகிவிடும்.

“அம்…” என்று தொடங்கினாள்.

“குறுக்க பேசாதீங்கம்மா.” ஐலி அவசரமாகச் சொன்னாள். “நீங்க ஆபீஸ்லேருந்து கேக்கறீங்க, அதான் சொல்ல வருது. நேர்ல பாத்தா எனக்கும் வாய் வரல. எங்க ரெண்டு பேருக்கும் அப்படித்தான். அவரு ஒருத்தருதான் வீட்டுல பேசுவாரு.”

கூடத்துக் கடிகாரம் அடிப்பது போன் வழியே கேட்டது. மரிட்டாவுக்கு அந்தக் கடிகாரத்தைத் தெரியும். ஐந்து நிமிடம் முந்தி ஓடுவது.

“எனக்கு ஒண்ணும் குறையில்ல. பக்கத்து வீட்டு ஹெல்வி தினம் எட்டிப் பாக்கறா. சர்ச்சுல கேக்கறாங்க. இப்ப நீங்க கேட்டீங்க. அவளைத்தான் யாரும் கேக்கல. அவ இதுலயே கிடக்கறவதானே, அவளுக்குப் பழக்கம்தானேன்னு எல்லாரும் விட்டுட்டாங்க. நானும்தான் விட்டுட்டேன்.”

மூச்சு வாங்கினாள்.

“அவளுக்கும் ஒரு போன் போடுவீங்களாம்மா? லேசுல எடுக்க மாட்டா. எடுக்கற வரைக்கும் விடாம கூப்பிடுவீங்களா?”